கட்டளைவரியில் பொதிகளை நிறுவும்போதும் நீக்கும்போதும் எழும் பிழைகள்: அறிகுறியிலிருந்து காரணத்திற்கு

டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகிய லினக்ஸ் வழங்கல்களில், பொதியாகக் கட்டி வழங்கப்படும் ஒரு மென்பொருளை நிறுவவோ நீக்கவோ முனையத்தில் ஒரே ஒரு வரி போதும். அந்த வரி பிழைச் செய்தியோடு நின்றுவிட்டால், பலரும் செய்தியை அப்படியே தேடுபொறியில் ஒட்டி, முதலில் கண்ணில் படும் கட்டளையை இயக்கிவிடுகிறார்கள். சிறு பழுது பெரும் பழுதாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிழைச் செய்தி எந்தக் கட்டத்திலிருந்து வந்தது என்பதை முதலில் அறிந்துகொண்டால், இயக்க வேண்டிய கட்டளை எது என்பதைவிட முக்கியமாக, இயக்கக் கூடாத கட்டளை எது என்பது விளங்கிவிடும். கட்டளைகளையும் செய்திகளையும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தருகிறேன். முனையத்தில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

நிறுவல் என்பது மூன்று கட்டங்களைக் கொண்டது. முதல் கட்டத்தில் ஆப்ட் என்னும் கருவி, களஞ்சியங்களின் (பொதிகளைச் சேமித்துத் தரும் இணைய வழங்கிகளின்) பட்டியலைப் படித்து, எந்தப் பொதிகள் தேவை என்று கணக்கிட்டு, அவற்றை இறக்கிக்கொள்கிறது. இரண்டாம் கட்டத்தில் டிபிகேஜி என்னும் இன்னொரு கருவி, இறக்கப்பட்ட பொதியை விரித்து, கோப்புகளை உரிய இடங்களில் வைக்கிறது. மூன்றாம் கட்டத்தில் அதே டிபிகேஜி, பொதியோடு வந்த அமைவு நிரலை இயக்கி, பயனர் கணக்கு உருவாக்குதல், சேவையைத் தொடங்குதல் முதலான வேலைகளை முடிக்கிறது. டிபிகேஜி 1994 முதல் இருந்துவரும் கருவி. ஆப்ட் அதன்மேல் பின்னர் எழுதப்பட்டு, 1999இல் வெளிவந்த டெபியன் 2.1உடன் பரவலாக வந்து சேர்ந்தது. இரண்டும் தனித்தனிக் கருவிகள் என்பதால்தான் பிழைச் செய்திகளும் இரண்டு குரல்களில் வருகின்றன.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் விதி ஒன்று கிடைக்கிறது. "சப்-பிராசஸ் /யூஎஸ்ஆர்/பின்/டிபிகேஜி ரிட்டர்ன்ட் ஏன் எரர் கோட் (1)" என்று திரையின் கடைசியில் நிற்கும் வரி, கீழே இருக்கும் டிபிகேஜி தோற்றுவிட்டது என்று ஆப்ட் சொல்லும் தகவல் மட்டுமே. அதில் காரணம் எதுவும் இல்லை. திரையை மேலே நகர்த்தி, "டிபிகேஜி: எரர் பிராசஸிங் பேக்கேஜ்" என்று தொடங்கும் முதல் வரியையும் அதற்கு முன்னுள்ள நான்கைந்து வரிகளையும் படிக்க வேண்டும். திரை நகர்ந்து மறைந்துவிட்டாலும் கவலை இல்லை. /வார்/லாக்/ஆப்ட் கோப்புறையில் உள்ள டெர்ம்.லாக் கோப்பில் அத்தனையும் பதிவாகியிருக்கும்.

அறிகுறி: "குட் நாட் கெட் லாக்" என்று வந்து நிற்கிறது

இந்தச் செய்தியின் பொருள், வேறொரு செயல்முறை (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்) இப்போது பொதித் தரவுத்தளத்தைக் கையாண்டுகொண்டிருக்கிறது என்பதுதான். 2020இல் வந்த ஆப்ட் 2.0 முதல், செயல்முறையின் எண்ணும் பெயரும் செய்தியிலேயே வருகின்றன. பெயர் "அன்அட்டெண்டட்-அப்கிர்" என்று பாதியில் வெட்டுப்பட்டதுபோல் இருந்தால், அது தானாக இயங்கும் பாதுகாப்பு மேம்படுத்தல். கணினியை இயக்கிய சில நிமிடங்களில் இது நிகழ்வது வழக்கம். காத்திருந்தால் தானே முடிந்துவிடும். பெயர் வரைகலை மென்பொருள் மேலாளருடையதாக இருந்தால், அச்சாளரத்தை மூடினால் போதும்.

பூட்டுக் கோப்பை அழித்துவிடுங்கள் என்னும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது. அதைப் பின்பற்ற வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டெபியன் குடும்பத்தில் அந்தக் கோப்பு இருப்பதே பூட்டு ஆகாது. கோப்பின்மீது இயங்குதளத்தின் கருவான கெர்னல் வைத்திருக்கும் பதிவுதான் பூட்டு. செயல்முறை முடிந்தாலும், இடையில் செத்தாலும், கெர்னல் அந்தப் பதிவைத் தானே விடுவித்துவிடும். கோப்பு மட்டும் எப்போதும் அங்கேயே கிடக்கும். ஆகவே பூட்டுச் செய்தி வருகிறது என்றால், உயிரோடு ஒரு செயல்முறை அதைப் பிடித்திருக்கிறது என்பது உறுதி. அந்நிலையில் கோப்பை அழித்தால், பழைய செயல்முறை அழிக்கப்பட்ட கோப்பின் பூட்டைப் பிடித்தபடி எழுதிக்கொண்டிருக்க, நீங்கள் இயக்கும் புதிய செயல்முறை புதிய கோப்பை உருவாக்கி அதன்மேல் இன்னொரு பூட்டைப் பெற்று, இரண்டும் ஒரே தரவுத்தளத்தில் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கும். (ஆர்ச் லினக்ஸில் உள்ள பேக்மேனின் நிலை வேறு. அங்கே டிபி.எல்சிகே என்னும் கோப்பு இருப்பதே பூட்டு என்பதால், பேக்மேன் எதுவும் இயங்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அதை அழிப்பது முறையான வழிதான். ஒரு வழங்கலுக்குரிய மருந்தை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.)

பூட்டைப் பிடித்திருக்கும் செயல்முறை மணிக்கணக்காக அசையாமல் இருந்தால், "பிஎஸ்" கட்டளையில் அந்த எண்ணைக் கொடுத்து அது என்ன செய்கிறது என்று பாருங்கள். பல நேரங்களில் அது வேறொரு முனையத்தில் உங்கள் விடைக்காகக் காத்திருக்கும்: அமைவடிவக் கோப்பு மாறியிருக்கிறது, பழையதை வைத்துக்கொள்ளவா, புதியதை ஏற்கவா என்று கேட்டு நின்றிருக்கும்.

அறிகுறி: "அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்", அல்லது இறக்கும்போது 404

முதல் செய்தி, நீங்கள் கேட்ட பெயர் உள்ளூரில் உள்ள பட்டியலில் இல்லை என்று சொல்கிறது. ஆப்ட் இணையத்தில் தேடுவதில்லை. கடைசியாக "சூடோ ஆப்ட் அப்டேட்" இயக்கியபோது இறக்கி வைத்த பட்டியலில் மட்டுமே தேடுகிறது. எனவே முதலில் அந்தக் கட்டளையை இயக்கி, அதன் வெளியீட்டில் பிழை எதுவும் இல்லை என்பதையும் பாருங்கள். பிறகும் கிடைக்கவில்லையென்றால், "ஆப்ட் செர்ச்" கட்டளையால் பெயரைச் சரிபாருங்கள், ஏனெனில் கட்டளையின் பெயரும் பொதியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. "டிக்" என்னும் கட்டளைக்கு அதே பெயரில் பொதியைத் தேடினால் கிடைக்காது. அது பைண்டு9-டிஎன்எஸ்யூட்டில்ஸ் என்னும் பொதிக்குள் இருக்கிறது. பெயரும் சரியென்றால், களஞ்சியத்தின் எந்தப் பிரிவு இயக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உபுண்டுவில் யுனிவர்ஸ் பிரிவு அணைக்கப்பட்டிருந்தால் ஆயிரக்கணக்கான பொதிகள் கண்ணுக்குத் தெரியாது.

404 என்பது இதற்கு நேர் எதிரான நிலை. பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் வழங்கியில் அந்தப் பதிப்பு இல்லை. பட்டியல் பழையது, வழங்கியில் புதிய பதிப்பு வந்து பழையது அகற்றப்பட்டுவிட்டது என்று பொருள். மீண்டும் "அப்டேட்" இயக்கினால் தீரும். "அப்டேட்" கட்டளையே 404 என்று சொன்னால், நீங்கள் பயன்படுத்தும் இயங்குதள வெளியீட்டின் ஆதரவுக் காலம் முடிந்து, அது பழைய வெளியீடுகளுக்கான தனி வழங்கிக்கு மாற்றப்பட்டிருக்கக்கூடும். முகவரியை அங்கே மாற்றிப் பொதிகளை இறக்கலாம். ஆனால் அங்கே வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. ஆகவே அதைப் புதிய வெளியீட்டுக்கு மாறும்வரையிலான தற்காலிக வழியாக மட்டுமே கொள்ள வேண்டும்.

அறிகுறி: கையொப்பத்தையோ நாளையோ காரணம் காட்டி "அப்டேட்" மறுக்கிறது

"ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்" என்று வந்தால் களஞ்சியத்தைச் சந்தேகிக்காமல் உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். என் பழைய மடிக்கணினி ஒன்றில் தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு முறை மின்சாரத்தைத் துண்டித்தபோதும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும். இன்று கையொப்பமிடப்பட்ட பட்டியல் அந்தக் கணினிக்கு எதிர்காலத்திலிருந்து வந்ததுபோல் தெரியும். அடைப்புக்குறிக்குள் இன்னும் இத்தனை நாள், இத்தனை மணி நேரம் செல்லாது என்று வந்த பெரிய எண்ணைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. "டைம்டேட்சிடிஎல்" கட்டளையால் நேரத்தைச் சரிசெய்து, இணையத்தோடு ஒத்திசைத்தவுடன் பிழை மறைந்தது.

"நோ_பப்கீ" என்னும் செய்தி வேறு வகை. களஞ்சியம் கையொப்பமிட்டிருக்கிறது, அதைச் சரிபார்க்கும் சாவி உங்களிடம் இல்லை. "ஆப்ட்-கீ" என்னும் பழைய கட்டளையால் சாவியைச் சேர்க்கும் முறை கைவிடப்பட்டுவிட்டது, அதற்கு நல்ல காரணமும் உண்டு: அவ்வாறு சேர்த்த சாவி அந்த ஒரு களஞ்சியத்திற்கு மட்டுமல்லாமல், கணினியில் உள்ள எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லுபடியாகிவிடும். இப்போதைய முறைப்படி, சாவியை வெளியீட்டாளரின் தளத்திலிருந்து நேரடியாக இறக்கி, /இடிசி/ஆப்ட்/கீரிங்ஸ் கோப்புறையில் வைத்து, அந்தக் களஞ்சியத்தின் வரியில் மட்டும் "சைண்டு-பை" என்று குறிப்பிட வேண்டும். சாவி எழுத்து வடிவில் இருந்தால் கோப்பின் பெயர் .ஏஎஸ்சி என்றும், இருமக் கோப்பாக இருந்தால் .ஜிபிஜி என்றும் முடிய வேண்டும். இது மாறியிருந்தால், சாவி இருந்தும் இல்லை என்றே ஆப்ட் சொல்லும். "டிரஸ்டட்=யெஸ்" என்று எழுதிச் சரிபார்ப்பையே அணைத்துவிடுவதைப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். பொதியின் அமைவு நிரல் முழு நிர்வாகி உரிமையோடு இயங்குகிறது என்பதை நினைவில் வைத்தால், அந்தப் பரிந்துரையை யாரும் ஏற்க மாட்டார்கள்.

அறிகுறி: "அன்மெட் டிபென்டன்சீஸ்", சார்புகள் நிறைவேறவில்லை

வேறொரு தளத்திலிருந்து இறக்கிய .டெப் கோப்பை "டிபிகேஜி -ஐ" கொண்டு நிறுவியதால் இது வந்தது என்றால், தீர்வு எளிது. டிபிகேஜி சார்புகளை, அதாவது ஒரு பொதி இயங்கத் தேவையான பிற பொதிகளை, தேடி இறக்காது. "சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்" என்று இயக்கினால், விடுபட்டவற்றை ஆப்ட் கொண்டுவந்து சேர்க்கும். அடுத்த முறை முதலிலேயே "ஆப்ட் இன்ஸ்டால்" என்பதற்குப் பின், புள்ளியும் சாய்கோடும் இட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், இந்தச் சிக்கலே எழாது.

களஞ்சியத்திலிருந்து நிறுவும்போதே இது வந்தால், காரணம் பெரும்பாலும் கலப்படம்: ஒரு வெளியீட்டின் பட்டியலோடு இன்னொரு வெளியீட்டின் பட்டியலோ, வேறொரு வெளியீட்டுக்காகக் கட்டப்பட்ட வெளிக் களஞ்சியமோ சேர்ந்திருக்கும். "ஆப்ட் பாலிசி" கட்டளையோடு, குறை சொல்லப்படும் பொதியின் பெயரைக் கொடுங்கள். நிறுவப்பட்ட பதிப்பு, நிறுவத்தக்க பதிப்பு, ஒவ்வொன்றும் எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது, அதன் முன்னுரிமை எண் என்ன என்பவை வரிசையாக வரும். சாதாரணக் களஞ்சியத்திற்கு 500, ஏற்கெனவே நிறுவப்பட்டிருப்பதற்கு 100. நிறுவப்பட்ட பதிப்புக்கு நேரே வெறும் 100 மட்டும் இருந்து, எந்தக் களஞ்சியத்தின் முகவரியும் இல்லையென்றால், அந்தப் பதிப்பு இப்போது எங்கிருந்தும் வருவதில்லை என்று பொருள். நீக்கப்பட்ட வெளிக் களஞ்சியம் ஒன்று விட்டுச்சென்ற பொதி அது. ஆப்ட் தானாக முந்தைய பதிப்புக்கு இறங்காது என்பதால், "இன்ஸ்டால்" கட்டளையில் பொதியின் பெயரோடு சமக்குறியும் களஞ்சியத்தில் உள்ள பதிப்பு எண்ணும் கொடுத்து, அந்தப் பதிப்புக்கு நாமே மாற்ற வேண்டும்.

"ஹெல்டு புரோக்கன் பேக்கேஜஸ்" என்ற சொற்களைப் பார்த்து யாரோ ஒரு பொதியைப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட வேண்டாம். "ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு" இயக்கிப் பாருங்கள். பெரும்பாலும் வெறுமையாகத்தான் வரும். கணக்கு தீரவில்லை என்பதையே ஆப்ட் அந்தச் சொற்களால் சொல்கிறது.

அறிகுறி: நிறுவல் பாதியில் நின்று, இனி எதை நிறுவினாலும் அதே பிழை வருகிறது

மின்சாரம் போனாலோ முனையம் மூடப்பட்டாலோ, அடுத்த முறை "டிபிகேஜி வாஸ் இன்ட்ரப்டட்" என்று வரும். அச்செய்தியே சொல்கிறபடி "சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ" இயக்குவதுதான் சரியான வழி. விரிக்கப்பட்டும் அமைக்கப்படாமலும் நிற்கும் எல்லாப் பொதிகளையும் அது முடித்துவைக்கும்.

அதுவும் தோற்றால், "டிபிகேஜி -எல்" (சிறிய எழுத்து) வெளியீட்டின் முதல் இரண்டு எழுத்துகளை உற்றுப் பாருங்கள். முதல் எழுத்து நாம் விரும்பும் நிலையையும், இரண்டாம் எழுத்து உண்மையில் இருக்கும் நிலையையும் காட்டுகின்றன. இரண்டும் சிறிய "ஐ" என்றால் நலம். இரண்டாம் எழுத்து பெரிய "யூ" என்றால், பொதி விரிக்கப்பட்டது, அமைவு தொடங்கவில்லை. பெரிய "எஃப்" என்றால், அமைவு தொடங்கி இடையில் தோற்றது. பெரிய "எச்" என்றால், விரிக்கும்போதே நின்றுவிட்டது. இதற்கு "ஆப்ட் --ரீஇன்ஸ்டால் இன்ஸ்டால்" வழியாகப் பொதியை மீண்டும் முழுமையாகக் கொண்டுவர வேண்டும்.

பெரிய "எஃப்" நிலையில் பழுது பொதியில் இருப்பது அரிது; சுற்றுச்சூழலில் இருப்பதே வழக்கம். வலைவழங்கி ஒன்றை நிறுவும்போது, 80ஆம் துறையை (வலைவழங்கி கோரிக்கைகளைப் பெறும் எண்ணிட்ட வாயிலை) ஏற்கெனவே இன்னொரு வலைவழங்கி பிடித்திருந்தால், சேவை தொடங்காமல், அதனால் அமைவு நிரலும் தோற்கக்கூடும். "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்" உண்மையைச் சொல்லிவிடும். அந்த மோதலைத் தீர்த்துவிட்டு "--கன்ஃபிகர் -ஏ" மீண்டும் இயக்கினால் போதும்; பொதியை நீக்கி மறுபடி நிறுவுவதால் பயன் இல்லை.

அடிக்கடி நிகழும் இன்னொரு காரணம், /பூட் பகிர்வு (கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் உள்ள வட்டுப் பகுதி) நிறைந்துபோவது. புதிய கெர்னல் வந்து, அதற்கான தொடக்கக் கோப்பை உருவாக்கும்போது "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று நிற்கும். "டிஎஃப் -எச்" கட்டளையில் அந்தப் பகிர்வு 100 விழுக்காடு என்று காட்டும். இங்கே ஒரு முடிச்சு விழுகிறது: இடம் பெறுவதற்குப் பழைய கெர்னலை ஆப்ட் வழியாக நீக்கப் போனால், முதலில் சார்புகளைச் சரிசெய் என்று அது மறுக்கும், சரிசெய்வதற்கோ இடம் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க, முதலில் "யூநேம் -ஆர்" இயக்கி, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதையும், அமைய முயன்று நிற்கும் புதியதையும் தொடாமல், எல்லாவற்றிலும் பழைய ஒரு கெர்னலுக்குரிய பொதியின் பெயரைத் தேடி, "சூடோ டிபிகேஜி --பர்ஜ்" கொண்டு அதை மட்டும் நேரடியாக நீக்குங்கள். அதைச் சார்ந்து வேறொரு பொதி இருக்கிறது என்று டிபிகேஜி மறுத்தால், அந்தப் பெயரையும் அதே வரியில் சேர்த்துக் கொடுக்கலாம். இடம் கிடைத்ததும் "--கன்ஃபிகர் -ஏ", அதன்பின் "ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்". /பூட் கோப்புறைக்குள் நேரடியாகச் சென்று "ஆர்எம்" கொண்டு கோப்புகளை அழிப்பது, டிபிகேஜியின் கணக்குக்கும் வட்டின் நிலைக்கும் இடையே பிளவை உண்டாக்கும். எனவே அதைத் தவிருங்கள்.

அறிகுறி: "டிரையிங் டு ஓவர்ரைட்"

இரண்டு பொதிகள் ஒரே கோப்புக்கு உரிமை கோருகின்றன. செய்தியிலேயே கோப்பின் பாதையும் இப்போதைய உரிமையாளரும் இருக்கும். இரண்டில் ஒன்று பெரும்பாலும் வெளிக் களஞ்சியத்திலிருந்து வந்ததாக இருக்கும். எது தேவையில்லையோ அதை நீக்குங்கள். "--ஃபோர்ஸ்-ஓவர்ரைட்" இயக்கினால் பிழை மறையும், ஆனால் பின்னர் அவற்றில் ஒன்றை நீக்கும்போது மற்றதன் கோப்பும் சேர்ந்து போகலாம்.

அறிகுறி: "எக்ஸ்பெக்டட் புரோகிராம்ஸ் நாட் ஃபவுண்ட் இன் பாத்"

டெபியன் 10 வெளிவந்த 2019இலிருந்து இது பலரைக் குழப்பிவருகிறது. "எஸ்யூ" என்று மட்டும் இயக்கி நிர்வாகியாக மாறினால், பழைய பயனரின் பாதையே (நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலே) தொடரும். அதில் /யூஎஸ்ஆர்/எஸ்பின் இருக்காது. எனவே டிபிகேஜிக்கு வேண்டிய எல்டிகன்ஃபிக் போன்ற நிரல்கள் கண்ணில் படாது. "எஸ்யூ -" என்று இடைவெளியும் சிறு கோடும் சேர்த்து இயக்குங்கள். எதையும் மறுபடி நிறுவத் தேவையில்லை.

அறிகுறி: ஒன்றை நீக்கப் போனால் நீக்கப் பட்டியல் நீள்கிறது

"ஒய்" அழுத்துமுன் நின்று படிக்க வேண்டிய ஒரே இடம் எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன். நீங்கள் நீக்கச் சொன்னதைச் சார்ந்திருப்பவை எல்லாம் சேர்ந்து போகும். பைதான்3 தேவையில்லை என்று நினைத்து நீக்கப் போனால், அதைச் சார்ந்து எழுதப்பட்ட மேசைச் சூழலின் பெரும்பகுதியும் பட்டியலில் ஏறும். "ஆப்ட் -எஸ் ரிமூவ்" என்று, பாவனையாக மட்டும் இயக்கும் விருப்பத்தோடு முதலில் பாருங்கள். அதற்கு நிர்வாகி உரிமைகூட வேண்டாம். நட்சத்திரக் குறியிட்டுப் பல பொதிகளை ஒரே வரியில் நீக்கும்போது இந்த ஒத்திகை கட்டாயம்.

"ஆட்டோரிமூவ்" எதையெல்லாம் நீக்கும் என்பது ஒரு குறிப்பைப் பொறுத்தது: ஒவ்வொரு பொதியும் நீங்கள் கேட்டு வந்ததா, இன்னொன்றின் சார்பாகத் தானே வந்ததா என்று ஆப்ட் எழுதி வைத்திருக்கிறது. தானே வந்து, இப்போது யாருக்கும் தேவைப்படாதவை பட்டியலில் வரும். அவற்றுள் நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் ஒன்று இருந்தால், "சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்" என்பதோடு அதன் பெயரைக் கொடுங்கள், பட்டியலிலிருந்து விலகிவிடும்.

தவறி "ஒய்" அழுத்தியிருந்தாலும் மீள வழி உண்டு. /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் கோப்பின் இறுதியில், எந்த நேரத்தில் எந்தக் கட்டளை இயக்கப்பட்டது, எந்தெந்தப் பொதிகள் நீக்கப்பட்டன என்பது பெயரும் பதிப்புமாக இருக்கும். "ரிமூவ்:" என்னும் வரியிலுள்ள பெயர்களை எடுத்து, அடைப்புக்குறிக்குள் உள்ள பதிப்பு எண்களை விலக்கி, "ஆப்ட் இன்ஸ்டால்" கட்டளையோடு சேர்த்தால், பெரும்பாலும் எல்லாம் திரும்பிவிடும். வரைகலைச் சூழல் போய்விட்டிருந்தாலும், கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கிடைக்கும் உரைமுனையத்திலிருந்து இதைச் செய்யலாம்.

அறிகுறி: நீக்கிய பின்னும் எச்சம் இருக்கிறது, அல்லது நீக்கவே முடியவில்லை

"டிபிகேஜி -எல்" பட்டியலில் "ஆர்சி" என்று தொடங்கும் வரிகள், பொதி நீக்கப்பட்டு அமைவடிவக் கோப்புகள் மட்டும் எஞ்சியிருப்பதைக் காட்டுகின்றன. இது பிழையன்று, "ரிமூவ்" கட்டளையின் இயல்பே அதுதான், ஏனெனில் மீண்டும் நிறுவினால் பழைய அமைவுகள் கிடைக்க வேண்டும். அவையும் வேண்டாமென்றால் "பர்ஜ்" பயன்படுத்துங்கள். பயனரின் வீட்டுக் கோப்புறையில் உள்ள அமைவுகளை இரண்டுமே தொடுவதில்லை. ஒரு மென்பொருளை "பர்ஜ்" செய்து மறுபடி நிறுவியும் பழைய கோளாறு அப்படியே இருந்தால், தேட வேண்டிய இடம் வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் .கன்ஃபிக்.

நீக்கும்போது "பிரீ-ரிமூவல் ஸ்கிரிப்ட்" தோற்றதாகச் செய்தி வந்து, மறுபடி மறுபடி அங்கேயே நின்றால், அந்த நிரலைத் திறந்து படியுங்கள். /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ கோப்புறையில் பொதியின் பெயரோடு .பிரீஆர்எம் என்று முடியும் சாதாரண உரைக் கோப்பாக அது பெரும்பாலும் இருக்கும். ஏற்கெனவே இல்லாத ஒரு சேவையை நிறுத்தவோ, அழிந்துபோன ஒரு கோப்பைத் தேடவோ அது முயன்றுகொண்டிருக்கலாம். முதலில், அது தேடுவதைத் தற்காலிகமாக உருவாக்கிக் கொடுத்து நீக்கிப் பாருங்கள். அது இயலாதபோது, மூலக் கோப்பின் நகலை வேறிடத்தில் வைத்துவிட்டு, தோற்கும் அந்த ஒரு வரியின் தொடக்கத்தில் # குறியிட்டு அதை மட்டும் செயலிழக்கச் செய்து, "சூடோ ஆப்ட் பர்ஜ்" மீண்டும் இயக்கலாம். முடிந்ததும் "டிபிகேஜி --ஆடிட்" இயக்கிப் பாருங்கள். அது எதையும் அச்சிடாமல் திரும்பினால், பாதியில் நிற்கும் பொதி எதுவும் இல்லை.